ரேட்டும் அடக்கமும்: திருப்பூர்ப் பின்னலாடையின் செலவுக் கணக்கு

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் என்ன அடக்கம் ஆகும் என்று கேட்டால் பதில் ரேட்டுகளாகத்தான் வரும். நூல் கிலோ இவ்வளவு, நிட்டிங் கிலோவுக்கு இவ்வளவு, டையிங், காம்பேக்டிங் இவ்வளவு. அதற்குப் பிறகு கிலோக் கணக்கு போய் பீஸ் கணக்கு வரும்: கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். ஊரின் உற்பத்தி முறையே அப்படி அமைந்தது. நூலை ஒருவரிடம் வாங்கி, இன்னொருவரிடம் பின்னக் கொடுத்து, மூன்றாமவரிடம் சாயம் போட்டு, நான்காமவரிடம் பிரிண்ட் அடித்து, கடைசியில் தன் கம்பெனியில் தைத்து அனுப்புகிற ஜாப் ஒர்க் முறையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிச் சந்தை, தனி விலை உண்டு. பஞ்சிலிருந்து சட்டை வரை ஒரே கூரைக்குள் செய்யும் பெரிய ஆலையில் பின்னலுக்கு மட்டும் என்ன ஆகிறது என்று சொல்ல ஒரு கணக்கர் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். திருப்பூரில் ஒரு போன் போட்டால் போதும். உற்பத்திச் செலவைப் படிக்க இவ்வளவு வசதியான ஊர் வேறு கிடைப்பது அரிது. ஆனால் ரேட் தெரிந்த அளவுக்கு இங்கே அடக்கம் தெரியவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். செலவு ரேட்டுகளில் இருப்பதைவிட இரண்டு ரேட்டுகளுக்கு இடையில் அதிகமாக இருக்கிறது: வெட்டில் போகும் துணியில், காத்துக்கிடக்கும் தையல் வரிசையில், திரும்பச் சாயம் போடும் தொட்டியில், பணம் வந்துசேரும் நாட்களில். ரேட்டை அடித்துப் பேசிக் குறைப்பவர் பைசாவைப் பிடித்துக்கொண்டு ரூபாயை விடுகிறார். அப்படிக் குறைத்ததும் பல நேரங்களில் குறைவதில்லை. வேறொருவர் தலையில் ஏறி, சில மாதங்களிலோ வருடங்களிலோ திரும்பி வருகிறது.

இது திருப்பூருக்கு மட்டும் உரிய குறை என்று சொல்ல முடியாது. தொழிற்புரட்சி தொடங்கிய காலத்திலேயே கெட்டிக்கார முதலாளிகள் தங்கள் அடக்கத்தை அறியாமல்தான் வியாபாரம் செய்தார்கள். 1772இல் கடன் நெருக்கடி வந்து சரக்கு தேங்கியபோதுதான் இங்கிலாந்தின் பீங்கான் உற்பத்தியாளர் ஜொசையா வெட்ஜ்வுட் தன் ஆலைக் கணக்கை உட்கார்ந்து பிரித்தார். வாடகை, அச்சு செய்யும் செலவு, கூலியில் ஒரு பகுதி ஆகியவை சரக்கு கூடினாலும் குறைந்தாலும் அதே அளவில் ஓடுவதைக் கண்டு, அதிகம் செய்தால் ஒவ்வொன்றின் அடக்கமும் இறங்கும் என்ற முடிவுக்கு வந்தார். (அதே ஆராய்ச்சியில் தலைமைக் கணக்குப்பிள்ளையின் கையாடலும் வெளிவந்தது, கணக்கைப் பிரிப்பதன் உபரிப் பலன் அது.) 1923இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஜே. மாரிஸ் கிளார்க் மேற்செலவுகளைப் பற்றி எழுதிய நூலில் இன்னும் ஒரு படி முன்னே போனார். ஒரு பொருளுக்கு எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் ஒரே அடக்கம் கிடையாது, எந்த முடிவை எடுப்பதற்காகக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும் என்று காட்டினார். 1987இல் தாமஸ் ஜான்சனும் ராபர்ட் காப்லனும், ஆலைகளின் செலவுக் கணக்கு வரவு செலவு அறிக்கைக்கு அடிமையாகிவிட்டது, அது தரும் தகவல் காலம் கடந்து வருகிறது, எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்துத் தருகிறது என்று குற்றம்சாட்டினார்கள். நம் சிறு கம்பெனிகளின் நிலை இதிலிருந்து அதிகம் மாறுபட்டதல்ல. ஆடிட்டருக்காகவும் வங்கிக்காகவும் ஜிஎஸ்டிக்காகவும் எழுதும் கணக்கு வருடக் கடைசியில் லாபமா நட்டமா என்று சொல்லும். எந்த ஆர்டரில் லாபம், எந்த ஆர்டரில் நட்டம் என்று சொல்லாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை; இன்றைய சந்தை விலை என்று கொள்ள வேண்டாம். நூல் கிலோ 280 ரூபாய், நிட்டிங் 15, டையிங் 95, காம்பேக்டிங் 10 என்றால் கூட்டினால் கிலோ 400 ரூபாய். 100 கிலோ நூல் பின்னி, சாயமேறி, காய்ந்து வரும்போது 92 கிலோ துணியாக நிற்கிறது என்று வைத்தால் துணியின் உண்மை விலை கிலோ 435 ரூபாய். தைத்து முடித்த சட்டையின் எடை 160 கிராம். வெட்டும்போது 15 சதவீதம் கழிவு போனால் ஒரு சட்டைக்கு 188 கிராம் துணி வேண்டும். ஆக, துணிச் செலவு சுமார் 82 ரூபாய். இதுவரை திருப்பூரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான். எந்த காஸ்டிங் ஷீட்டிலும் இந்தக் கழிவுகளுக்கு ஒரு சதவீதம் போட்டிருப்பார்கள். கேள்வி, அந்தச் சதவீதம் எங்கிருந்து வந்தது என்பது. பெரும்பாலும் அது வழக்கத்திலிருந்து வருகிறது, அளவெடுத்து வருவதில்லை. கழிவு 15 என்று எழுதியிருக்க உண்மையில் 18 போனால் சட்டைக்கு 195 கிராம் துணி வேண்டும். செலவு சுமார் 85 ரூபாய். சட்டைக்கு 3 ரூபாய், 10,000 சட்டை ஆர்டரில் 30,000 ரூபாய். இதே ஆர்டருக்கு நிட்டிங் ரேட்டில் கிலோவுக்கு 50 பைசா குறைத்துப் பேசி வென்றால் எவ்வளவு மிச்சம்? சட்டைக்கு 10 பைசா, மொத்தம் 1,000 ரூபாய். ஒரு மணிநேரம் வாதாடி ஆயிரத்தை மீட்டுக்கொண்டு, யாரும் பார்க்காத இடத்தில் முப்பதாயிரத்தை விடுகிறோம்.

கழிவுக்கு வெட்டு மேசை மட்டும் காரணமில்லை. 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) கேட்ட துணி 188 ஆக வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். துணியை அளக்க வட்டமான ஒரு வெட்டுக் கருவி இருக்கிறது. அது 100 சதுர சென்டிமீட்டர் துணியை வட்டமாக நறுக்கித் தரும். தராசில் அது 1.80 கிராம் இருந்தால் 180 ஜிஎஸ்எம், 1.88 இருந்தால் 188. வித்தியாசம் 8 சென்டிகிராம், கையால் தடவிப் பார்த்தால் தெரியாது. ஆனால் சட்டையின் பரப்பு மாறாது, எடை மட்டும் கூடும். 4 சதவீதத்துக்கு மேல் துணி அதிகம் செலவாகி, மேலே சொன்ன கணக்கில் சட்டைக்கு மூன்றரை ரூபாய்க்கு மேல் போய்விடும். இதில் நிட்டிங்காரருக்கோ காம்பேக்டிங்காரருக்கோ நட்டம் கிடையாது, அவர்கள் கிலோவுக்குக் கூலி வாங்குகிறவர்கள். பையரும் ஆட்சேபிப்பதில்லை, துணி கொஞ்சம் கனமாக இருந்தால் அவருக்கு நல்லதுதான். நட்டம் முழுக்க நடுவில் இருப்பவருக்கு. இந்த நட்டம் எந்த பில்லிலும் வராது. ஆர்டர் முடியும்போது துணி பற்றவில்லை, இன்னும் 80 கிலோ வாங்க வேண்டும் என்ற வடிவத்தில் வரும். அந்த 80 கிலோ தனியாகச் சாயம் போடப்படும்போது ஷேடு பொருந்தாமல் போவது அடுத்த செலவு.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். அடிப்படை டி-ஷர்ட்டின் அடக்கத்தில் பெரும்பகுதி நூல்தான். நூல் விலையை நிர்ணயிப்பது பஞ்சுச் சந்தை. அதில் உற்பத்தியாளர் என்ன செய்துவிட முடியும்? 2022 மே மாதத்தில் 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது திருப்பூர் இரண்டு நாள் வேலையை நிறுத்திப் போராடியது; அதற்கு முன்பே ஏப்ரலில் மத்திய அரசு பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியைத் தற்காலிகமாக நீக்கியிருந்தது. அந்த அதிர்ச்சிக்கு முன்னால் 3 சதவீதக் கழிவு எந்த மூலை என்று கேட்கலாம். கேள்வி சரி, அதிலிருந்து எடுக்கும் முடிவு தவறு. நூல் விலை ஏறும்போது வீணாகும் ஒவ்வொரு கிராமின் விலையும் கூடவே ஏறுகிறது. நூல் 280 ரூபாயில் இருக்கும்போது சகித்துக்கொண்ட கழிவு 400இல் சகிக்க முடியாததாகிவிடும். பஞ்சு விலை எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக ஏறுகிறது. அதனால் ஒரே தெருவில் இருக்கும் இரண்டு கம்பெனிகளில் எது நிற்கும், எது ஷட்டரை இறக்கும் என்று அது தீர்மானிப்பதில்லை. தீர்மானிப்பது கப்பலேற்றிய ஒரு நல்ல சட்டைக்கு யார் எத்தனை கிராம் நூலைச் செலவழித்தார் என்பதே.

அடுத்து கூலி. செலவு என்றதும் முதலில் கை வைக்கத் தோன்றும் இடம் இதுதான், வங்கதேசத்தோடு ஒப்பிட்டுப் பேசும் வழக்கமும் இங்கேதான் தொடங்குகிறது. தையல் வரிசை ஒன்றில் உதவியாளர்கள் உட்பட 30 பேர். கூலி, வாடகை, கரண்ட், சூப்பர்வைசர் எல்லாம் சேர்த்து ஒரு நாள் செலவு 30,000 ரூபாய், அதில் கூலி 20,000 என்று வைப்போம். 30 பேரும் 480 நிமிடம் வேலை செய்தால் 14,400 நிமிடம். ஒரு சட்டைக்கு அளந்த தையல் நேரம் 6 நிமிடம் என்றால், தடங்கலே இல்லாமல் ஓடினால் 2,400 சட்டை வர வேண்டும். எங்கேயும் அப்படி வருவதில்லை. பாதி, அதாவது 1,200 வந்தால் தையல் அடக்கம் 25 ரூபாய். திறன் 60 சதவீதமானால் 1,440 சட்டை, அடக்கம் 20 ரூபாய் 83 பைசா. இந்த நாலு ரூபாய்ச் சொச்சத்தைக் கூலியைக் குறைத்து எடுக்க வேண்டுமானால் கூலியில் கால் பங்கை வெட்ட வேண்டும். எந்தத் தொழிலாளியும் அதற்கு ஒப்புக்கொள்ளமாட்டார். ஒப்புக்கொண்டாலும் அடுத்த வாரம் பக்கத்துத் தெருக் கம்பெனியில் இருப்பார். 50க்கும் 60க்கும் இடையிலான அந்தப் பத்து சதவீதம் எங்கே போகிறது? கட்டிங்கிலிருந்து துண்டுகள் வராமல் காத்திருப்பதில், ரிப் துணி ஷேடு மாறி வந்ததில், லேபிள் வந்துசேராததில், ஓவர்லாக் மெஷின் நின்று மெக்கானிக் வருவதற்குள் போன அரை மணியில். இதில் எதுவும் தையல்காரரின் கைவேகத்தில் இல்லை.

திருப்பூரில் பெரும்பகுதி பீஸ் ரேட் முறை, தைத்தால்தான் கூலி, காத்திருந்தால் நட்டம் தொழிலாளிக்குத்தான், முதலாளிக்கு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. காத்திருப்பின் செலவு அப்படி மறைந்துவிடுவதில்லை. வாடகையும் மின் இணைப்புக்கான தேவைக் கட்டணமும் சூப்பர்வைசர் சம்பளமும் அந்த அரை மணிக்கும் ஓடுகின்றன. நாள் முழுக்க உட்கார்ந்து அரை நாள் கூலியோடு வீட்டுக்குப் போகும் தொழிலாளி வேறு இடம் பார்க்கிறார். அவருக்குப் பதில் வருபவர் வேகம் பிடிக்க வாரங்கள் ஆகின்றன. ஆள் கிடைக்கவில்லை என்பது ஊரில் நிரந்தரப் புலம்பல். கம்பெனிக்குள் வேலை சீராக ஓடாததற்கும் அந்தப் புலம்பலுக்கும் உள்ள தொடர்பை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. கூலியை ரேட்டாக மட்டும் பார்க்கும் காஸ்டிங் ஷீட்டில் அதற்குக் கட்டமே கிடையாது.

ஆர்டரின் அளவும் அடக்கத்தை மாற்றுகிறது. 1936இல் அமெரிக்க விமானப் பொறியாளர் டி.பி. ரைட், ஒரே மாதிரி விமானத்தின் எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம் ஒன்றுக்கு ஆகும் உழைப்பு சுமார் 80 சதவீதமாக இறங்குகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். சட்டை விமானம் அல்ல, ஆனால் கை பழகும் விதி இங்கேயும் உண்டு. புதிய ஸ்டைல் ஏறிய முதல் நாள் வரிசை திணறும், மூன்றாம் நாள் வேகம் பிடிக்கும். 600 பீஸ் ஆர்டர் வேகம் பிடிப்பதற்குள் முடிந்துவிடும். ஆபீஸ் செலவோ இன்னும் மோசமாக மறைந்துகொள்கிறது. ஒரு மாதம் இரண்டு ஆர்டர்: வெள்ளை டி-ஷர்ட் 50,000, ஐந்து நிறத்தில் எம்பிராய்டரியோடு 600. ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர்கள் உட்பட ஆபீஸ் செலவு ஒரு லட்சம். பீஸ் கணக்கில் பங்கிட்டால் ஒவ்வொன்றின் தலையிலும் சுமார் 2 ரூபாய் விழும். ஆனால் சாம்பிள், நிற ஒப்புதல், மெயில், திருத்தம் என்று மெர்ச்சன்டைசரின் பாதி நேரத்தை அந்த 600தான் தின்றது என்றால், 50,000க்குத் தலைக்கு 1 ரூபாய், 600க்குத் தலைக்கு 83 ரூபாய். சின்ன ஆர்டரில் நல்ல மார்ஜின் இருக்கிறது என்று நினைத்து அதையே தேடிப்போன கம்பெனி, பெரிய ஆர்டரின் லாபத்தை எடுத்துச் சின்ன ஆர்டருக்குப் படியளந்துகொண்டிருக்கும், தெரியாமலே. 1980களின் கடைசியில் காப்லனும் ராபின் கூப்பரும் வேலைகளின் அடிப்படையில் செலவைப் பங்கிடும் முறையை முன்வைத்தது இதற்காகத்தான். அந்த முறையை முழுமையாக நடத்த ஆட்களும் மென்பொருளும் வேண்டும் என்பது உண்மை. பெரிய நிறுவனங்களே அதைத் தொடங்கிப் பாதியில் விட்டிருக்கின்றன. ஆனால் மெர்ச்சன்டைசர் எந்த ஆர்டருக்கு எத்தனை நாள் கொடுத்தார் என்று ஒரு நோட்டில் குறிக்க மென்பொருள் எதற்கு?

நிலையான செலவு வேறொரு பொறியையும் வைக்கிறது. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மின் கட்டணம் திருத்தப்பட்டபோது உயரழுத்த இணைப்பு பெற்ற ஆலைகளின் தேவைக் கட்டணம் ஒரு கே.வி.ஏ.வுக்கு மாதம் 350 ரூபாயிலிருந்து 550 ரூபாயாக உயர்ந்தது. மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இதில் பெரும்பகுதியைக் கட்டியே ஆக வேண்டும். இப்படிப்பட்ட செலவுகள் கூடக்கூட, மெஷின் சும்மா நிற்பதற்கு அடக்கத்துக்குக் கீழே ஒரு ஆர்டராவது எடுக்கலாம் என்ற வாதம் வலுக்கும். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி விதித்து, பையர்கள் தள்ளுபடி கேட்டு வந்தபோது பல கம்பெனிகள் இந்த வாதத்தைத் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. கிளார்க்கின் பாடப்படி வாதத்தில் பிழை இல்லை: நூல், சாயம், கூலி போக ஏதோ மிஞ்சினால் அது வாடகையில் ஒரு பங்கைக் கட்டும். ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. வரிசை உண்மையிலேயே காலியாக இருக்க வேண்டும். அந்த விலை அடுத்த சீசனுக்கு வழக்கமாகிவிடக் கூடாது. இரண்டாவது நிபந்தனையைக் காப்பாற்றியவர்கள் குறைவு. பையரின் மெயிலில் ஒருமுறை ஏறிய விலை இறங்கும், ஏறாது. பத்து ஆர்டரும் மெஷின் சும்மா நிற்பதற்கு என்று எடுக்கப்பட்டால் வாடகையை யார் கட்டுவது? நிலையான செலவு எவ்வளவு, மாறும் செலவு எவ்வளவு என்று பிரித்து எழுதாத கம்பெனிக்கு, எந்த விலைக்குக் கீழே மறுக்க வேண்டும் என்பதே தெரியாது.

காத்திருப்புக்கும் வட்டி உண்டு. வருடம் 12 சதவீத வட்டியில் 100 ரூபாய் 90 நாள் வெளியே நின்றால் 3 ரூபாய். பல ஆர்டர்களில் மொத்த லாபமே அதை ஒட்டித்தான் இருக்கும். ஜாப் ஒர்க்காரர் பில்லை இழுத்தடித்து இந்த மூன்று ரூபாயைத் தன் பக்கம் வைத்துக்கொள்வது செலவுக் கட்டுப்பாடு என்ற பெயரில் நடக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, தரும் வருடம் வரை செலவாகக் காட்ட முடியாது என்ற வருமான வரி விதி 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. சட்டத்தைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: பணம் வராத டையிங்காரர் முதலில் பணம் தந்தவரின் துணியைத்தான் தொட்டியில் போடுவார். அங்கே போன நாலு நாள் தையல் வரிசையில் காத்திருப்பாகி, கடைசியில் கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் அனுப்பும் செலவாக வந்து நிற்கும். அதுவரை மீட்ட வட்டி அத்தனையும் அந்த ஒரு விமானச் சரக்குக் கட்டணத்தில் போய்விடும்.

சாயத் தொழிலின் கதையில் இதே வாதம் பெரிய அளவில் நடந்து முடிந்தது. பல ஆண்டுகள் திருப்பூரின் டையிங் ரேட்டில் தண்ணீரைச் சுத்தம் செய்யும் செலவு இல்லை. அந்தச் செலவு இல்லாமல் போகவில்லை, நொய்யல் ஆற்றில் ஓடியது. 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பதில் சாயநீரைத் தேக்கி வைக்கும் குளமானது. கீழ்ப்பகுதி விவசாயிகளின் கிணறும் வயலும் அதன் விலையைக் கொடுத்தன. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றம் போனார்கள். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற உத்தரவு 2006இல் வந்தது, உச்ச நீதிமன்றம் 2009இல் அவகாசம் தந்து அதை வலியுறுத்தியது, நிறைவேறாததால் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. கணக்கில் எழுதாத செலவு ஒரே நாளில் மொத்த பில்லாக வந்தது. வெளியூர்ச் சாயத்துக்குத் துணி அனுப்பிய போக்குவரத்து, தாமதம், கைவிட்டுப் போன ஆர்டர் எல்லாம் அதில் அடக்கம். சுத்திகரிப்பால் எங்கள் ரேட் ஏறிவிட்டது, அந்த விதி கறாராக இல்லாத ஊர்க்காரர்கள் எங்களைவிட மலிவாகப் போடுகிறார்கள் என்று சாயப்பட்டறைக்காரர்கள் சொல்வது நியாயமான குறை. அதற்குத் தீர்வு எல்லா ஊருக்கும் ஒரே விதி. ஆனால் அந்த விதியால் விளைந்த நல்லதையும் சொல்ல வேண்டும். தண்ணீருக்கு விலை வந்த பிறகுதான் தொட்டியில் தண்ணீர் விகிதம் கவனத்துக்கு வந்தது. 100 கிலோ துணிக்கு 1,000 லிட்டர் எடுக்கும் மெஷினுக்கும் 600 லிட்டர் எடுக்கும் மெஷினுக்கும், லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்றால் ஒரு குளியலில் 24 கிலோ உப்பு வித்தியாசம்; சூடாக்கும் நீராவியும் பிறகு ஆவியாக்க வேண்டிய உப்புநீரும் தனி. தண்ணீர் இலவசமாக ஓடிய காலத்தில் இந்தச் சேமிப்பை யாரும் தேடவில்லை, ஏனென்றால் ரேட்டில் அது தெரியவில்லை.

இவ்வளவு கணக்கும் பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத்தான் பொருந்தும், இருபது மெஷின் வைத்திருக்கும் ஓனருக்கு மனக்கணக்கே போதும் என்பது மிகப் பழைய மறுப்பு. அதை அலட்சியம் செய்யக் கூடாது. அந்த மனக்கணக்கில்தான் இந்த ஊர் வளர்ந்தது. ஒரே ஸ்டைல், ஒரே தெரு, ஓனர் நாள் முழுக்க வரிசை அருகிலேயே நிற்பது என்ற நிலையில் அது துல்லியமாகவே வேலை செய்யும். நாற்பது ஸ்டைல், நாலு யூனிட், ஓனர் பாதி நாள் போனில் என்றானதும் அது தோற்கிறது. மொத்தத்தில் லாபம் தெரிவதால் எந்த ஆர்டர் தின்கிறது என்பது மறைந்துவிடுகிறது. அவருக்குப் பெரிய முறை எதுவும் வேண்டாம். ஒவ்வொரு ஆர்டரும் முடிந்த பிறகு இரண்டு எண்கள் போதும்: வாங்கிய நூலின் எடையை ஏற்றிய சட்டைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது ஒன்று, வரிசை ஓடிய மொத்த நிமிடங்களை அதே எண்ணிக்கையால் வகுத்தால் வருவது இன்னொன்று. வெட்டிய சட்டை, தைத்த சட்டை என்று வகுத்தால் ஏமாற்றும், ஏற்றிய நல்ல சட்டையால் வகுத்தால்தான் குறையால் ஒதுக்கிய செகண்ட்ஸும் திரும்பச் சாயம் போட்டதும் உள்ளே வரும். இதை காஸ்டிங் ஷீட்டில் எழுதியதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அடுத்த காஸ்டிங் தானாகத் திருந்தும்.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று இருக்கிறது. விலையைச் சொல்வது பையர். நாம் செலவைக் குறைத்தால் அந்தச் சேமிப்பையும் அவரே அடுத்த பேச்சில் பிடுங்கிக்கொள்வார், பிறகு நாம் எதற்கு வியர்வை சிந்துவது? இதற்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை, யாரிடமும் இருப்பதாகவும் தெரியவில்லை. விற்கும் விலையிலிருந்து லாபத்தைக் கழித்து அடக்கத்துக்கு இலக்கு வைக்கும் ஜப்பானிய முறை டொயோட்டாவில் பலித்ததற்கு, உதிரிபாகம் தருவோரோடு பல ஆண்டு உறவும் சேமிப்பில் பங்கும் இருந்தது ஒரு காரணம். சீசனுக்கு சீசன் நாடு மாற்றும் ஆடைப் பையரிடம் அந்த உறவை எதிர்பார்க்க முடியாது. ஆகவே உள்கணக்கைப் பையரின் மேசையில் விரிக்க வேண்டியதில்லை. ஆனால் அதை அறிந்தவருக்கு ஒன்று கிடைக்கிறது: எந்த ஆர்டரை விட்டுவிடலாம் என்ற தெளிவு. அறியாதவர் பையரின் விலைக்குள் அடக்கத்தைத் திணிக்க மறுபடியும் ஜாப் ஒர்க் ரேட்டையும் கூலியையும்தான் பிடித்து இழுப்பார். அந்த இழுப்பு எங்கே போய் முடியும் என்பதற்கு வங்கதேசம் சாட்சி: 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, கட்டடத்தின் உறுதிக்குச் செய்யாத செலவு எந்தக் கணக்கில் ஏறும் என்பதை உலகம் பார்த்தது.

அரசின் பங்கு இதில் சிறிது. இந்தியாவில் செலவுக் கணக்காளர்களுக்குத் தனிச் சட்டமே 1959இல் வந்துவிட்டது. 2014ஆம் ஆண்டின் செலவுப் பதிவேட்டு விதிகள் 35 கோடி ரூபாய் விற்பனை எட்டிய, பட்டியலிட்ட தொழில்களில் உள்ள கம்பெனிகளுக்குப் பொருந்தும். குறு, சிறு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. கூட்டு வணிகமாகவும் தனியுரிமையாகவும் நடக்கும் யூனிட்டுகள் அந்த வரம்புக்குள்ளேயே வருவதில்லை. அந்த விலக்கை நீக்கச் சொல்ல மாட்டேன். சின்ன யூனிட்டின் மேல் இன்னொரு ரிட்டர்னைச் சுமத்தினால் ரிட்டர்ன்தான் வரும், கணக்கு வராது. செய்ய வேண்டியவர்கள் ஊரில் இருக்கிற சங்கங்கள். உறுப்பினர்களிடமிருந்து பெயர் இல்லாமல் நூல் கிராமும் தையல் நிமிடமும் வாங்கி, ஸ்டைல் வாரியாகச் சராசரியையும் சிறந்த எண்ணையும் வெளியிட்டால், ஒவ்வொரு ஓனரும் தன் இடம் எது என்று பார்த்துக்கொள்வார். கூலி ஒப்பந்தப் பேச்சில் இன்று ஒரு பக்கம் விலைவாசி, மறுபக்கம் பையர் விலை, நடுவில் ஒரு சதவீதம் என்றுதான் பேரம் நடக்கிறது. அடுத்த பேச்சுக்கு வரும்போது முதலாளிகள் தங்கள் வரிசைகளின் திறன் எண்ணைக் கொண்டு வரட்டும், தொழிற்சங்கங்கள் வேலை வராமல் காத்திருந்த மணிகளின் கணக்கைக் கொண்டு வரட்டும். இரண்டையும் மேசையில் வைத்த பிறகு சதவீதத்தைப் பேசலாம்.